பக்கத்து வீட்டுச் சுவரில் அலை

"ஒன் வூட்டு மீனு பயப்படாம தூங்கணும்னு நான் முழிச்சிக்கினு கெடக்கணுமா, இசக்கி?"

பக்கத்து குவார்ட்டர்ஸ் சக்கரபாணி வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிட்டார். முதல் ஷிப்ட் முடிந்து நேராக இங்கேதான் வந்திருந்தார். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"உள்ள வாங்க அண்ணாச்சி. நேத்தும் வெளிச்சம் வந்துச்சா? ஜன்னல்ல போர்வையை நானே என் கையால கட்டினேனே" என்றான் இசக்கிமுத்து.

"கட்டி இன்னா பிரயோசனம்? எங்க ரூம்பு சொவுத்துல நீலமா அல ஆடிக்கினு கெடக்குது. கடலுக்கு அடியில பாயப் போட்டாப்புல இருக்குதுப்பா. காத்தால மெஷினாண்ட போயி நின்னா கண்ணு சொக்குது."

எல்லாவற்றுக்கும் காரணம் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி. இசக்கிமுத்துவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். மற்றவர்களைப் போலக் குழாய்த் தண்ணீரில் தங்க மீன் வளர்க்க அவனுக்கு மனம் வரவில்லை. வளர்த்தால் கடல் மீன்தான். வார லீவு வந்தால் கேன்களைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறிவிடுவான். கண்டக்டர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே கடல் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பான்.

முதலில் வாங்கிய ஜோடி தங்கவில்லை. ஒரு ராத்திரி தொட்டி விளக்கைப் பட்டென்று அணைத்துவிட்டான். திடீர் இருட்டில் மிரண்டுபோன மீன்கள் கண்ணாடியில் மோதி மோதி, விடியும்போது மிதந்தன. அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு வந்தவைதான் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இந்த இரண்டும். இவற்றுக்காகத் தொட்டிக்கு மேலே ராத்திரி முழுக்க ஒரு சின்ன நீல பல்பை எரியவிட்டான். கடலுக்கு நிலா வெளிச்சம் இல்லையா என்பது அவனுடைய வாதம். மீன்கள் பிழைத்துக்கொண்டன. வேலை பெர்மனன்ட் ஆனபோதுகூட அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் அவன் கூடத்து ஜன்னலும் சக்கரபாணியின் படுக்கையறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு சந்துதான். நெய்வேலி வெயில் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யார் படுக்க முடியும்?

"தொட்டிய அந்தாண்ட நவுத்துப்பா" என்றார் சக்கரபாணி.

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குமே அண்ணாச்சி. தண்ணி சூடேறிரும்."

"அப்ப பல்ப நிறுத்து."

"நிறுத்தினா ரெண்டும் செத்துரும்."

"இன்னிக்கி ராத்திரியும் வெளிச்சம் வந்துதுன்னா நாளைக்கி டவுன்ஷிப் ஆபீசுல எழுதிக் குடுத்துடுவேன். அப்பறம் தொட்டியே இருக்காது. எம்மேல வருத்தப்படாத" என்று சொல்லிவிட்டு சக்கரபாணி விறுவிறுவென்று போய்விட்டார்.

உள்ளேயிருந்து மனைவி பார்வதி வந்தாள்.

"போர்வையை நீயா ஒதுக்கி விடுத?" என்று கேட்டான் இசக்கிமுத்து.

"நான் எதுக்கு ஒதுக்கப் போறேன்? எனக்கும் அந்த மீனுன்னா உசுருல்லா. காத்துல விலகியிருக்கும்."

"நேத்து எங்க காத்து அடிச்சுது? தெனமும் காலையில பாத்தா அழகா ஒரு ஓரமா ஒதுங்கிக் கெடக்கு. ஒருவேளை அவரே ஒதுக்கி விட்டுட்டு அவரே சண்டைக்கு வாராரோ?"

"சும்மா இருங்க. அவரு பாவம், கண்ணு எப்படிச் செவந்திருக்கு பாத்தீயளா?"

அதுவும் உண்மைதான். இசக்கிமுத்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். கண்ணாடியில் விரலை வைத்தான். இரண்டு மீன்களும் விரலைத் தேடி வந்தன.

"பக்கத்து வீட்டோட பகைச்சுக்கிட்டா இருக்க முடியும்? இந்த லீவுக்கே கொண்டுபோயி கடல்ல விட்டுருதேன்."

பார்வதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கமாக சக்கரபாணியின் மனைவி கலியம்மாள் வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய பலாச்சுளை.

"காடாம்புலியூருலேர்ந்து எங்க அண்ணன் குடுத்தனுப்பிச்சாரு, பார்வதி. அவரு துன்னுட்டுப் படுத்துட்டாரு. இன்னா, ரெண்டு பேரும் மொகத்த இப்பிடி வச்சிக்கினு இருக்கறீங்க?"

பார்வதி விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்கக் கலியம்மாளின் முகம் வாடிப்போனது. தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐயையோ, மீனக் கொண்டும்போயி வுட்டுடாதீங்க தம்பி. ஆபீசுக்கெல்லாம் அவரு போவ மாட்டாரு. நான் பாத்துக்கறேன். பல்பு பாட்டுக்கு எரியட்டும்."

"எப்படிக்கா? அண்ணாச்சிக்குத் தூக்கம் வேண்டாமா? போர்வையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நிக்க மாட்டேங்கு" என்றான் இசக்கிமுத்து.

"அது எப்பிடி நிக்கும்? அவரு படுக்க வர்றதுக்கு முன்னாடியே நாந்தான் ஜன்னலு வழியா ஒட்டடக் கம்ப வுட்டு ஒதுக்கி வுட்டுடறேனே."

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களா? ஏன்க்கா இப்படிப் பண்ணுதீங்க?" என்றான் இசக்கிமுத்து.

கலியம்மாள் புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்ணாலம் ஆன நாளா ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு ஓடிக்கினே இருக்கறவரு, தம்பி. வருவாரு, துன்னுவாரு, படுத்தா கொறட்டதான். உங்க வூட்டு பல்பு வந்தப்பறந்தான், தூக்கம் வராம, ராத்திரி பூரா எங்கூட பேசிக்கினு இருக்காரு."