துருவாசரும் அவசரக்காரரும்

"நாளைக்குச் சாயங்காலம் இது என் வீட்டு ஹால்ல நிக்கணும். விருந்தாளிங்க வராங்க!"

வந்தவர், வேனில் இருந்த பழைய அச்சு மெஷினைத் தட்டிக் காட்டினார். அழகுக்காக ஏலத்தில் எடுத்தது. உடம்பெல்லாம் துரு.

"ஒரு வாரம் ஆகும்," என்றார் பட்டறைக்காரர். துரு எடுப்பது தொழில், மூக்கு நுனியில் கோபம். தெருவில் அவருக்குத் துருவாசர் என்றே பெயர்.

"மணலைப் பீய்ச்சி அடிச்சுத் துருவை எடுக்கத்தானே? அதுக்கு ஒரு வாரமா?"

"நான் மணல் அடிக்கிறதில்லை சார். வேகத்துல அது உடைஞ்சு மாவாகும். அந்த மாவு நெஞ்சுல போய் உட்கார்ந்தா, அப்புறம் கிளம்பவே கிளம்பாது. நான் போடுறது கார்னெட்ங்கற கல்லுக் குருணை. அதுக்கும் மூடின அறை வேணும், தூசியை இழுக்க ஃபேன் வேணும், தனிக் குழாயில நல்ல காத்து வர்ற ஹெல்மெட் வேணும். சின்னப் பாகத்தையெல்லாம் கழட்டி, கையுறை வெச்ச பெட்டிக்குள்ள விட்டுத்தான் அடிப்பேன்."

"நான் பாடம் கேக்க வரலை. எதிர்ப் பட்டறையில நாளைக்கே தரேங்கறான்."

துருவாசருக்குச் சுர்ரென்று ஏறியது. எதிர்ப் பட்டறை அவருடைய தம்பியுடையது. முன்பு ஒன்றாகத்தான் இருந்தார்கள். 'உன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஆமை மாதிரி வேலை செஞ்சா எவன் வருவான்?' என்று சண்டை போட்டுவிட்டு, எதிரிலேயே கடை விரித்தவன்.

வேன் தெருவைத் தாண்டி எதிர்ப் பட்டறையில் நின்றது. தம்பி மெஷினை வாசலிலேயே இறக்கினான். மூக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மணல் மூட்டையைப் பிரித்தான்.

துருவாசர் ஓடிப்போய், மணல் பீய்ச்சும் குழாயைப் பிடுங்கினார். "விடுடா! ராத்திரியெல்லாம் இருமுறியாமே. உன் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுதுட்டுப் போறா!"

"உன் வேலையப் பாருண்ணே..." குழாயைத் திரும்பப் பிடுங்கிய தம்பியால் மேலே பேச முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினான்.

"செய்யறவரே சரிங்கறாரு, நடுவுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" வந்தவர் கைக்குட்டையால் தன் மூக்கைப் பொத்தியபடி வேன் பக்கம் ஒதுங்கினார். "வெறும் இருமல்தானே! வெந்நீர் குடிச்சா சரியாப் போயிடும்."

"யோவ்!" துருவாசர் கையை ஓங்கிவிட்டார்.

அதே நேரம் வந்தவரின் போன் அடித்தது.

"யாரு?... மறுபடியும் மூச்சு வாங்குதா? ஏம்மா, உன் புருஷன் தூசியில நிக்கவே கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! நுரையீரல் போச்சுன்னா என்னால மட்டுமில்ல, எந்த டாக்டராலயும் திருப்பித் தர முடியாது. அவனை இப்படி வேலை வாங்கற முதலாளி மனுஷன்தானா? அந்த ஆளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

கோபத்தில் அவர் குரலே நடுங்கியது. போனைப் பையில் போட்டார். தம்பி பக்கம் திரும்பினார்.

"ம்... நீ ஆரம்பிப்பா, நேரமாகுது."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பி முகத்துத் துண்டை அவிழ்த்தான். குழாயைக் கொண்டுபோய் வந்தவரின் காலடியில் போட்டான்.

"இந்த வேலைக்கு முதலாளி நீங்கதான் டாக்டர். கேளுங்க, அந்த நாலு கேள்விய!"