ஏழாவது போன்

கம்பம் ஊரில் பழைய செல்போன்களை மறுசுழற்சிக்குச் சேகரிக்கும் மையம் திறந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஹேமாவதியை ஒரு தடவை பார்த்த சுரேஷ்கண்ணன், அன்றிலிருந்து வாரம் ஒரு செத்த போனோடு வந்து நின்றான்.

அவன் வீட்டில் இருந்தவை இரண்டே போன்கள்தான். மற்றதையெல்லாம் முகைதீன் பாயின் ரிப்பேர் கடையில் கெஞ்சி வாங்கினான்.

"இத என்னங்க செய்வீக?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பான்.

"பேட்டரியத் தனியாக் கழட்டிருவோம். பிறகு ஃபாக்டரியில செம்பு, தங்கமெல்லாம் பிரிச்சு எடுப்பாக" என்று அவளும் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வாள்.

ஏழாவது போனைக் கையில் வாங்கியதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இந்தப் போன் மூணாவது தடவையா வருது."

சுரேஷ்கண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"முகைதீன் பாய் கடையில வாங்குனேங்க. அங்கன எப்படிப் போச்சுன்னு சத்தியமாத் தெரியாது!"

"எனக்குத் தெரியும். நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"நீங்களா? எதுக்கு?"

ஹேமாவதி குனிந்து ரசீது எழுதத் தொடங்கினாள்.

"கடையில செத்த போனெல்லாம் தீந்துபோச்சுன்னு பாய் சொன்னாக. அப்புறம் நீங்க எப்படி வருவீக?"