ஆணி இறங்காத சுவர்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும்போதே அடித்து முடித்துவிட வேண்டும் என்று தமயந்தி சுத்தியலோடு காத்திருந்தாள். இறந்துபோன கணவனின் படம் ஒரு மாதமாக நாற்காலியில்தான் சாய்ந்திருக்கிறது. "செவுத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாதும்மா. நாங்க கீழ குடியிருந்தப்பவே அடிச்சதில்ல," என்று சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சிங்காரவேலு. காலண்டர் மாட்ட ஆணி அடித்த குடும்பத்தைக் காலி செய்ய வைத்தவர்.

மோட்டார் உறுமியது. அவள் அடித்த முதல் ஆணி வளைந்து தெறித்தது; உள்ளங்கை அளவுக்குச் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்றை வைத்துத் தட்டினாள். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் அது பாதிவரை இறங்கியது. உருவிப் பார்த்தால் நுனியில் வெள்ளைப் பொடி. பற்பசை. போன வீட்டைக் காலி செய்தபோது அவளும் ஆணி ஓட்டைகளை இப்படித்தான் அடைத்துவிட்டு வந்தாள்.

மோட்டார் நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திச் செருகி, படத்தை மாட்டி, பூச்சு பெயர்ந்த இடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

வாசலுக்கு வந்த சிங்காரவேலு அவளைப் பார்க்கவே இல்லை. நேராகப் படத்திடம் போய், சட்டத்தை ஒற்றை விரலால் நிமிர்த்தினார். விரலை எடுத்ததும் அது மெல்லச் சரிந்தது.

"அந்த ஓட்டையில மாட்டினா அப்படித்தாம்மா," என்றார். "எத்தன தடவ நேராக்கினாலும் இடப்பக்கந்தான் சாயும்."