ஜாக்கியில் நிற்கும் வீடு

வீடாக மாற்றிய பழைய பள்ளிப் பேருந்தின் பின்பக்கம் ஜாக்கியில் நிற்கிறது. கணவன் அடியில் மல்லாந்து படுத்து பிரேக் குழாயை முடுக்கிக்கொண்டிருக்கிறான். உச்சி வெயிலில் இளகிய தாருக்குள் ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கமாக இறங்குவதை மனைவி பார்க்கிறாள். உள்ளே, காது மந்தமான மாமனார் கட்டிலை விட்டு எழுந்து நடக்கிறார். அவர் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அடுப்படித் தட்டுகள் கிணுகிணுக்கின்றன, ஜாக்கி இன்னும் சாய்கிறது. ஜன்னலில் கையாட்டுகிறாள், அவர் திரும்பவில்லை. "என்னங்க, வெளிய வாங்க." "இன்னும் ஒரு சுத்துதான்." "வாங்கன்னா வாங்க." அவள் குரலைக் கேட்டதும் அவன் முதுகு தரையை உரசி நகர்கிறது. இடுப்பு வருகிறது, நெஞ்சு வருகிறது. சட்டைக் காலரைப் பிடித்து மிச்சத்தை அவள் இழுக்கிறாள். ஜாக்கி தெறிக்கிறது, பேருந்து தடாலென்று உட்காருகிறது. புழுதிக்கு நடுவே, அவள் இன்னும் காலரை விடவில்லை. மாமனார் ஜன்னலில் தலை நீட்டுகிறார். "ஏம்மா, கிளம்பியாச்சா?"