எந்த மெக்கானிக்கும் வேண்டாம்

"மெக்கானிக் பேச்சையே எடுக்காதீங்க சிட்டிபாபு. நானே பார்த்துக்கறேன்" என்றார் யக்ஞநாராயணன், பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்காமலே.

செம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்கு அவர் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கார் வந்து பத்து நாள். யாரோ ஒரு சினிமா முதலாளி பதினெட்டு வருஷம் ஓட்டிக் கழித்த வெளிநாட்டுக் கார். ஆறு சிலிண்டர், மெத்தென்ற ஸீட்டு, பளபளக்கும் மரப் பலகையில் கடிகாரம். எல்லாம் ராஜ வாழ்க்கைதான். ஆனால் கிளம்பும்போது மட்டும் இருமியது.

அந்த இருமலைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று நேற்று ஆறு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார் மனுஷர். அதிலிருந்து இருமலும் இல்லை. சாவியைத் திருகினால் 'டப்' என்று ஒரு வெடி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.

இன்று ஞாயிறு. நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. ஏற்கெனவே இரண்டு வரன் வாசல்வரை வந்து தட்டிப் போயிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வரமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாள். ஆட்டோ எதற்கு, நம்ம காரே வரும் என்று இவரும் ஜம்பமாகப் பதில் போட்டுவிட்டார்.

மணி இரண்டு. பக்கத்து வீட்டு சிட்டிபாபுவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. டாக்ஸி பிடிக்கலாமே என்றார். சொன்ன காரில்தான் போகணும், முதல் நாளே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று யக்ஞநாராயணன் மறுத்துவிட்டார்.

"சரி சார், பம்மல்ல ஜெபராஜுன்னு ஒர்த்தன் கீறான். கூட்டியாரட்டா?"

"அவனா? சோம்பேறி. எட்டரைக்கு வரச் சொன்னா பத்தரைக்கு வருவான்."

ஊரப்பாக்கம் தனக்கோடி? அவனுக்குக் கவனம் போதாது. தாம்பரம் துரைராஜ்? அதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தேவிட்டார்.

"அவனை மட்டும் கூப்பிடவே கூடாது."

வந்து இரண்டே மாதத்தில் சுத்துப்பட்டு மெக்கானிக் அத்தனை பேரிடமும் சார் ஏமாந்திருக்கிறார் போல என்று சிட்டிபாபு பரிதாபப்பட்டார். யக்ஞநாராயணனோ காரைச் சுற்றி வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு வயரை இழுத்து இன்னொன்றின் இடத்தில் சொருகினார், சாவியைத் திருகினார். டப். மறுபடி சுற்றி வந்தார். வெள்ளைப் பனியன் கறுப்பாகிவிட்டது. உள்ளேயிருந்து பெண் மூன்று தரம் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தரம் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அதற்குமேல் அவர் மனைவிக்குத் தாங்கவில்லை. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வந்து சிட்டிபாபுவைக் கூப்பிட்டாள்.

"அவர் சொல்றதைக் காதுல போட்டுக்காதீங்கோ. கைக்குக் கிடைச்சவனை அழைச்சுண்டு வாங்கோ. அவர் மானம் போனாப் போறது. இந்த இடம் தட்டிப் போனா என் பொண்ணு தாங்கமாட்டா."

சிட்டிபாபு மொபெட்டை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எவன் கடை திறந்திருப்பான்? அலைந்து பார்த்ததில் துரைராஜ் ஒருவன்தான் அகப்பட்டான். வருவது வரட்டும் என்று அவனையே பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தபோது மணி மூன்றேகால்.

கேட்டருகே வந்ததும் துரைராஜ் அப்படியே நின்றுவிட்டான். இவ்வளவு பெரிய வண்டியைத் தொடப் பயப்படுகிறான் என்று நினைத்து சிட்டிபாபு அவன் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். யக்ஞநாராயணன் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்தார். விட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது.

"தொடலாமா சார்?" என்று துரைராஜ் கேட்டான்.

"ம்."

அவன் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தான். பிளக் வயரெல்லாம் இடம் மாறிப்போயிருக்கிறது, வேறே கோளாறு ஒன்றுமில்லை என்றான். ஆறையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகினான். கை வேலை செய்ய, சிலிண்டர்கள் வெடிக்கவேண்டிய வரிசையை வாய் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டது.

"ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு... இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

சாவி திரும்பியது. வெடி இல்லை, புகை இல்லை. இன்ஜின் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணிடம் சொல்ல உள்ளே ஓடினாள். நாலு மணி வண்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

சிட்டிபாபுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னா துரை, பொஸ்தகத்த பாக்காம மனப்பாடமா சொல்ற?"

துரைராஜ் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் படிக்க சொல்ல ஒருவாட்டி இத்த தப்பா சொல்லிட்டேண்ணா. நூறு தபா எழுதினாத்தான் கிளாஸுக்குள்ள வுடுவேன்னு என்னை வெளிய நிக்க வெச்சாரே, நம்ம சார்தான்."