சிவப்பு வாளிகள்

லுணுகலை மலைச்சரிவில், தேயிலைத் தொழிற்சாலையின் தகரச் சுவர் பகல் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. அந்தச் சுவரில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நெருப்பை அணைப்பதற்கென்று நிரப்பிய மணலை யாரும் தொட்டதே இல்லை; ஒன்றிரண்டில் புல்கூட முளைத்திருக்கிறது. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடும் சன்னாசி, கரிபடிந்த கைகளை இடுப்புச் சாக்கில் துடைத்துக்கொண்டு நிற்கிறான். எதிரே தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் நடேசபிள்ளை. “பதுளையில ஒரு கிழமை, ஏழு நாளும், தீயணைப்புப் பயிற்சி. முடிச்சால் சேர்ட்டிபிக்கட் தருவினம். கண்ணாடி போட்டு இந்தச் சுவரிலயே மாட்டலாம்” என்கிறார். “அந்த ஒரு கெழமைக்கும் பேர் போட்டு சம்பளம் தருவீங்களா ஐயா?” “வேலை செய்யாத நாளுக்கு என்னெண்டு சம்பளம் தாறது?” சன்னாசி மேலே பார்க்கிறான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறை கூரையில்லாமல் நிற்கிறது. போன கோடையில் அது எரிந்தபோது, தொழிற்சாலை வாளியைத் தர முடியாது என்று இதே இடத்தில்தான் சொன்னார்கள். இத்தனை மழைக்கும் அந்தச் சுவரின் கறுப்புப் போகவில்லை.

“போறேங்க. அரை வயித்துக் கஞ்சியக் குடிச்சாவது படிச்சிட்டு வாறேன். ஆனா இது இப்பவே எங்களுக்கு வேணும்.” இரண்டு வாளிகளைக் கொக்கியிலிருந்து கழற்றுகிறான். “டேய், அது பக்டரிச் சாமான், வை!” சன்னாசி வைக்கவில்லை. கைப்பிடிகள் கிறீச்சிட, மணல் சிந்தச் சிந்த, லயத்துக்குப் போகும் படிகளில் ஏறுகிறான். பாதியில் நின்று திரும்புகிறான். “பக்டரி பத்திக்கிட்டா மேல வந்து கேளுங்க ஐயா. நாங்க இல்லேன்னு சொல்ல மாட்டோம்.”