எட்டில் ஒரு பங்கு

"ஒரு காலத்துல இந்தக் கடல்ல உயிர் மொய்ச்சுக் கிடந்திருக்கு" என்று பேராசிரியர் மேடைக்கு மேடை முழங்கினார்.

ஆதாரம், கடலடிச் சேற்றின் ஒரே ஓர் அடுக்கு. பழங்கால நுண்ணுயிர்களின் ஓடுகள் அதில் மண்டிக் கிடப்பதாக நுண்ணோக்கியில் எண்ணிச் சொன்னவள் அவருடைய உதவியாளர். அலசிய சேற்றைப் பங்கு பிரித்து, எட்டில் ஒரு பங்கை மட்டும் எண்ணி, எட்டால் பெருக்குவது அங்கே வழக்கம்.

"வெளியில சந்தேகப்படுறாங்கம்மா. அந்த அடுக்குல மிச்சமிருக்கிற சேத்துல அதே அளவு எடுத்து, புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு எண்ணட்டும்" என்றார் ஒருநாள்.

அன்றிலிருந்து உதவியாளர் ஜன்னலில்லாத அந்த ஆய்வறையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப்பெண் வந்தாள். "சார், அக்கா சொன்ன கணக்குதான் வருது."

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "அப்புறம் என்ன? இனி நம்ம எல்லாருக்கும் இந்த அடுக்குதான் பிழைப்பு."

அவர் போனதும் உதவியாளர் அவள் பக்கம் திரும்பினாள். "நிஜமாவே எண்ணினியா?"

புதுப்பெண் கதவைச் சாத்தினாள். "எண்ணினேன்க்கா. உங்க கணக்குல எட்டுல ஒரு பங்குதான் வந்துச்சு. நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன்னு பயந்து, உங்க கணக்கையே சொல்லிட்டேன். காட்டிக் கொடுத்துடாதீங்க."

அவள் சொதப்பவில்லை. பங்கு பிரிக்க மறந்து, முழுச் சேற்றையும் எண்ணி, பழக்கதோஷத்தில் எட்டால் பெருக்கியவள் உதவியாளர்தான். அது தெரிந்த நாளிலிருந்து சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பெண்ணாவது உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள் என்றுதான் வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள்.

நேற்றே வாயைத் திறந்திருந்தால் அவள் ஒருத்தியின் வேலைதான் போயிருக்கும்; இனித் திறந்தால் இந்தப் பெண்ணின் வேலையும் போகும்.

"பயப்படாதே, சொல்ல மாட்டேன்" என்றாள்.